தாத்தாவின் அப்பாவுக்கு மேலே போவது எப்படி?

கேள்வி இதுதான்: குடும்பத்துக்குச் சேலம் மாவட்டம் ஆத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். 'ஏழு தலைமுறைக்கு முன்னால் ஆற்றைத் தாண்டி வந்தோம்' என்று பாட்டி சொல்கிறார். கொள்ளுத்தாத்தாவின் தம்பி ஒருவர் தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்குக் கப்பலேறிப் போய்த் திரும்பவே இல்லை என்றும் சொல்கிறார். பெயர் தெரிவது கொள்ளுத்தாத்தா கருப்பண்ணன் வரைக்கும்தான். பரணில் ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய பத்திரம், சில ஓலை. எங்கிருந்து தொடங்குவது, எதை நம்புவது?

பெட்டியைத் திறக்கக் கை அரிக்கும், கொஞ்சம் பொறுங்கள். பெட்டி அடுத்த வருஷமும் பரணில்தான் இருக்கும். முதலில் பாட்டியிடம் உட்காருங்கள். ஆனால் 'நம்ம வம்சம் எப்படி?' என்று மொத்தமாகக் கேட்காதீர்கள், பதிலும் மொத்தமாகத்தான் வரும். யார் செத்தால் நமக்குத் தீட்டு என்று கேளுங்கள். தீட்டுக் காக்கிறவர் பங்காளி, காக்காதவர் மாமன் மச்சான். இந்த ஒரு கேள்வியில் ஊரில் பாதிப்பேர் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். யார் காதுகுத்துக்கு யார் தாய்மாமனாக மடியில் வைத்தார், கோயிலில் முதல் திருநீறு எந்த வீட்டுக்கு, எந்தக் காட்டுக்கு யார் பேர், எந்தக் கிணறு யார் வெட்டியது என்று பொருளைக் காட்டிக் கேளுங்கள். பெயர் மறந்தவருக்கும் கிணறு மறக்காது. வீட்டுக்கு வந்த பெண்களின் பிறந்த ஊரையும், கட்டிக்கொடுத்த பெண்கள் போன ஊரையும் தனியாகக் கேட்டு எழுதுங்கள். உங்கள் பக்கத்தில் பெண்களை ஊர்ப்பெயரால் கூப்பிடும் வழக்கம் உண்டு. 'தம்மம்பட்டியா', 'வீரகனூரா' என்று பாட்டி சொல்வது பட்டப்பெயர் இல்லை, முகவரி. பெண் பெயர் காகிதத்தில் ஏறுவது அபூர்வமாக இருந்த காலத்துக்கு அந்த முகவரிதான் மிச்சம்.

பேச்சைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். தேதி, பேசியவர் வயது இரண்டையும் முதலிலேயே குரலில் சொல்லிவிடுங்கள். ஒரே சேதியை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள், சேர்த்து உட்கார வைத்தால் குரல் பெரியவர் சொல்வதே எல்லோர் ஞாபகமும் ஆகிவிடும். பாட்டி மாமனார் பெயரைச் சொல்லமாட்டார் என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். 'எந்தப் பேரனுக்கு அவர் பெயர் வைத்தீர்கள்?' என்று கேட்டால் போதும்.

அங்கேதான் தமிழ்க் குடும்பத் தேடலின் பெரிய குழியும் இருக்கிறது. பேரன் என்ற சொல்லே பெயரன். தாத்தா பெயரை எடுத்து நிற்பவன். முத்துசாமி மகன் கருப்பண்ணன், அவர் மகன் முத்துசாமி, அவர் மகன் மறுபடி கருப்பண்ணன். குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும் உண்டு. ஆக, 'மு. கருப்பண்ணன்' என்று ஒரு பத்திரத்தில் பார்த்தால் அது கொள்ளுத்தாத்தாவா, அவருடைய பேரனா என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. பக்கவாட்டிலும் இதே கதைதான். கருப்பண்ணனுக்கு நான்கு மகன்கள் இருந்தால் நான்கு பேரும் தலைப்பிள்ளைக்கு அப்பா பெயரையே வைத்திருப்பார்கள். ஒரே ஊரில், ஒரே வயதில் நான்கு கருப்பண்ணன். பெரிய, நடு, சின்ன என்ற அடைமொழியை எழுத்தர் சில இடத்தில் எழுதுவார், சில இடத்தில் விடுவார். பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு தலைமுறையை ஒன்றாக்கிவிடுவார்கள், இல்லையென்றால் பெரியப்பா வீட்டுத் தாத்தாவைத் தம் தாத்தாவாக எடுத்துக்கொள்வார்கள். அதனால் ஆளை அடையாளம் காணப் பெயரோடு இன்னும் இரண்டு சேதி வேண்டும்: நிலத்தின் எண்ணும் மனைவியின் ஊரும். இந்த மூன்றும் ஒத்துப்போனால்தான் ஒரே ஆள் என்று எழுதுங்கள்.

வீட்டிலேயே இருக்கும், யாரும் ஆவணம் என்று நினைக்காத ஒன்று மொய் நோட்டு. 1950, 60-களின் கல்யாண மொய் நோட்டு ஒன்று கிடைத்தால் அன்றைய உறவு முழுக்க அதில் இருக்கும்: ஊர், அப்பா பெயரோடு ஆள், தொகை. தாய்மாமன் மொய் முன்வரிசையில் தனித்துத் தெரியும். பங்காளி வீட்டு மொய்யும் சம்பந்தி வீட்டு மொய்யும் வேறு வேறு இடத்தில் இருக்கும். இரண்டு கல்யாணத்து நோட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், எந்த வீட்டில் அப்பா பெயர் போய் மகன் பெயர் வந்திருக்கிறது என்பதும் தெரியும். அந்த இடைவெளியில் ஒரு சாவு. ஊர்க்கோயில் தலைக்கட்டு வரி நோட்டும் இதே மாதிரி. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. புதிதாகப் பெயர் சேரும் வருஷம் கல்யாண வருஷத்தை ஒட்டியிருக்கும், பெயர் நீங்கும் வருஷம் சாவையோ குடிபெயர்வையோ காட்டும். பழைய நோட்டுகள் தர்மகர்த்தா வீட்டுப் பெட்டியில் கிடக்கும். செட்டிநாட்டு நகரத்தார்கள் இதையே ஒன்பது கோயில்களின் புள்ளிக் கணக்காக ஒழுங்காகவே வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்குக்கோயிலின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள். முஸ்லிம் குடும்பம் என்றால் ஜமாத்தின் நிக்காஹ் புத்தகம். திதி கொடுக்கும் வீடுகளில் அப்பா வழியிலும் அம்மா வழியிலும் மூன்று தலைமுறைப் பெயர் புரோகிதர் நோட்டில் இருக்கும்.

அடுத்து குலதெய்வம். கோயில் இப்போது எங்கே இருக்கிறது என்பதைவிட, பிடிமண் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. குடிபெயர்ந்தவர்கள் பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து புது ஊரில் தெய்வத்தை நிலைநிறுத்துவார்கள். மண் வந்த ஊர் தெரிந்தால் கொடிவழியில், அதாவது வம்ச வரிசையில், ஒரு பெரிய தாவல் கிடைத்த மாதிரி. மூலக்கோயிலுக்குப் போனால் உங்கள் ஊர்ப்பெயரைச் சொல்லி, 'ஆத்தூர்ப் பங்காளிகள் முன்பு கிடா வெட்ட வருவார்கள்' என்று பூசாரி சொல்லக்கூடும். மணியில், வேலில், படிக்கல்லில் வெட்டிய உபயதாரர் பெயர்களைச் சாய்வெளிச்சத்தில் படம் எடுங்கள். நேர்வெளிச்சத்தில் எழுத்து தெரியாது.

பாட்டி சொல்லும் காலத்தை வருஷமாக மாற்ற அவருக்குத் தெரிந்த சம்பவங்களைப் பிடியுங்கள். தாது வருஷப் பஞ்சம் 1876–78. விஷக்காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போனது 1918. காவிரியில் பெருவெள்ளம் 1924 ஆடி. மேட்டூர் அணை கட்டியது 1925–34. பர்மாவிலிருந்து நடந்தே வந்தது 1942. 'வெள்ளம் வந்தப்போ எங்கப்பனுக்கு மீசை முளைக்கலை' என்று ஒரு வாக்கியம் வந்தால், அந்த அப்பன் 1908-க்கு முன் பிறந்திருக்க வாய்ப்பு குறைவு.

இப்போது பெட்டி. எல்லாவற்றையும் உள்ளே இருந்த வரிசையிலேயே படம் எடுத்த பிறகுதான் பிரிக்க வேண்டும். ஒரே நிலத்தின் தாய்ப்பத்திரமும் பின்பத்திரமும் சேர்த்து மடித்து வைத்திருப்பார்கள், அந்தச் சேர்க்கையே ஒரு சேதி. மடிப்பில் கிழிந்ததைச் செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள். பத்து வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். லேமினேஷன் அதைவிட மோசம், திரும்பப் பிரிக்க முடியாது. ஓலைக்குச் சமையல் எண்ணெய் தடவ வேண்டாம். ஓலை என்றதும் வம்ச வரலாறு என்று நினைக்கவும் வேண்டாம். வீட்டு ஓலைகளில் பெரும்பாலானவை ஜாதகம், வைத்தியம், மந்திரம், கடன் கணக்கு. படிக்க முடியவில்லை என்றால் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சுவடித் துறையும் இருக்கின்றன.

ஜாதக ஓலையை மட்டும் தள்ளிவிடாதீர்கள். வருஷம் அழிந்து கட்டம் மட்டும் இருந்தாலும் பிறந்த வருஷத்தை மீட்கலாம். சனி ராசிச் சக்கரத்தைச் சுற்ற ஏறக்குறைய 29½ வருஷம், குரு 12 வருஷம். இரண்டும் ஒரே ராசிகளில் மறுபடி சேர்ந்து நிற்க 60 வருஷம் போல ஆகும். எந்த அறுபது வருஷச் சுற்று என்பதை ராகு சொல்லிவிடும். அதன் சுற்று 18½ வருஷத்துக்குச் சற்று மேல், அதனால் அறுபது வருஷத்தில் அது வேறு ராசிக்குப் போயிருக்கும். சூரியன் நின்ற ராசி மாதத்தைத் தரும், சந்திரன் நின்ற நட்சத்திரம் நாளைத் தரும். பழைய பஞ்சாங்கத்தைக் கணக்கிடும் செயலி எதுவும் இதற்குப் போதும்.

பத்திரத்தில் முதலில் தடுக்குவது தேதி. தமிழ் எண்களும் குறிகளும் கலந்து வரும்: ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய், ௸ மேற்படி. ௲௮௱௭௰௬ என்றிருந்தால் 1876. ௪, ௭, ௮ மூன்றும் கையெழுத்தில் குழப்பும். அதே எழுத்தர் அதே பத்திரத்தில் வேறெங்காவது அந்த எண்ணைச் சொல்லாலும் எழுதியிருப்பார், அதோடு ஒப்பிடுங்கள். தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால், அறுபது வருஷப் பட்டியலில் அது எத்தனையாவது என்று பார்த்து 1866-ஐக் கூட்டுங்கள். தாது பத்தாவது, ஆக 1876. அடுத்த சுற்று 1936. எந்தச் சுற்று என்பதை முத்திரைத்தாளில் உள்ள தலை சொல்லும்: விக்டோரியா ராணி என்றால் 1901-க்கு முன் அச்சானது, ஆறாம் ஜார்ஜ் என்றால் 1936-க்குப் பின். தாளின் பின்புறம் முத்திரைத்தாள் விற்றவர் போட்ட எண்ணும், வாங்கியவர் பெயரும், வாங்கிய தேதியும் இருக்கும். இன்னொன்று: வருஷம் சித்திரையில் பிறப்பதால் தாது வருஷம் தை மாதம் என்பது 1877 ஜனவரி. தை, மாசி, பங்குனிக்கு ஒன்று கூட்ட மறந்து, அண்ணனுக்கு முன் தம்பியைப் பிறக்க வைத்த கொடிவழிகள் ஏராளம். வருவாய்த்துறைக் காகிதங்களில் பசலி என்ற தனி ஆண்டுக் கணக்கு வரும். 590-ஐக் கூட்டினால் தொடங்கும் ஆங்கில வருஷம், ஜூலை முதல் ஜூன் வரை. பசலி 1322 என்றால் 1912 ஜூலை முதல் 1913 ஜூன் வரை.

பெட்டியில் இருப்பதிலேயே மதிப்புள்ளது பாகப்பிரிவினைப் பத்திரம். கிரயப் பத்திரத்தில் விற்றவரும் வாங்கியவரும்தான் இருப்பார்கள்; பாகப்பிரிவினையில் பங்குள்ள அத்தனை ஆண்களும் அப்பா பெயர், வயது, குடியிருக்கும் ஊரோடு வரிசையாக நிற்பார்கள். 'மைனர்களான இன்னார் இன்னாருக்குத் தாயாரும் கார்டியனுமான இன்னாள்' என்று வந்தால், அப்பா இறந்துவிட்டார் என்பதும், மூத்த பிள்ளைக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை என்பதும், அபூர்வமாகக் கிடைக்கும் ஒரு பெண்ணின் பெயரும் ஒரே வரியில் கிடைத்துவிடும். 1956-க்கு முந்தைய பாகப்பிரிவினையில் மகள்கள் பெயர் இல்லை என்பதால் மகள்களே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், அவர்களுக்கு அன்று பங்கு இல்லை. செட்டில்மெண்ட் பத்திரம், விடுதலைப் பத்திரம், சீதனமாக எழுதிக் கொடுத்த நிலம் ஆகியவற்றில் அவர்களைத் தேடுங்கள். வயது எல்லாம் 'சுமார்'தான்; ஐந்து வருஷம் முன்பின் இருக்கும்.

நான்கு மால் என்று எல்லை சொல்லும் பகுதியைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். அண்ணன் தம்பி பிரித்துக்கொண்ட நிலம் ஒட்டித்தான் கிடக்கும் என்பதால், பக்கத்து நிலக்காரர் பெரும்பாலும் பங்காளி. 'பெரிய கருப்பண்ணன் நிலத்துக்கு மேற்கு' என்றால் பத்திரத்தில் உள்ள நிலம் மேற்கே இருக்கிறது, பெரிய கருப்பண்ணன் நிலம் கிழக்கே. பலர் இதைத் திருப்பிப் படித்து, வரைபடத்தில் ஆளை மாற்றி உட்கார வைத்துவிடுவார்கள். சாட்சிக் கையெழுத்தில் மாமன் மச்சான் வருவது சகஜம், அந்த ஊர்ப்பெயர்களைப் பாட்டி சொன்ன பெண் கொடுத்த ஊர்களோடு வைத்துப் பாருங்கள்.

பத்திரம் இல்லாத காலத்துக்கு நில எண்ணைப் பிடித்துப் போக வேண்டும். இப்போதைய பட்டாவில் உங்கள் நிலம் 112/3பி2 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் அது 112/3 என்ற ஒரே துண்டு. அது 3ஏ, 3பி என்று உடைந்தபோது ஒரு பிரிவினை. 3பி மறுபடி 3பி1, 3பி2 ஆனபோது அடுத்த தலைமுறைப் பிரிவினை. 3பி1 யார் பெயரில் இருக்கிறதோ அவர் உங்கள் தாத்தாவின் உடன்பிறந்தவர் வழி. 3ஏ அதற்கு முந்தைய தலைமுறையில் பிரிந்த கிளை. நிலத்தின் உட்பிரிவு எண்ணே கொடிவழியின் நிழல். நிழல்தான், உருவம் இல்லை: பாதி நிலத்தை வெளியாளுக்கு விற்றாலும், ரோட்டுக்கு எடுத்தாலும் உட்பிரிவு விழும். அதனால் ஒவ்வொரு உடைவுக்கும் காரணமான பத்திரத்தையோ பட்டா மாறுதல் உத்தரவையோ கண்டால்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். 1979-இல் தொடங்கி 80-களில் முடிந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் நிறைய எண்கள் மாறின. கிராமத்து நிலங்களையெல்லாம் எண்வாரியாகச் சொல்லும் அ-பதிவேட்டில் புது எண்ணுக்குப் பக்கத்தில் பழைய எண் இருக்கும், அதைக் குறித்துக்கொண்டுதான் அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் (நிலவரித் திட்டப்) பதிவேட்டைக் கேட்க வேண்டும். கேட்கும் இடம் தாலுகா அலுவலகம். மிகப் பழையவை ஆட்சியர் அலுவலகப் பதிவறையிலோ சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ இருக்கும். மனுவில் 'என் முன்னோர் பற்றிய தகவல்' என்று எழுதினால் வேலை நடக்காது. கிராமம், பழைய புல எண், எந்தப் பதிவேடு என்று மூன்றையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பட்டாவில் 'கருப்பண்ணன் வகையறா' என்று வந்தால் அந்த வகையறாவுக்குள் மூன்று அண்ணன் தம்பி ஒளிந்திருக்கலாம். கணக்குப்பிள்ளை வரி வாங்க ஒரு பெயர் போதும் என்று விட்டுவிடுவார். செத்து முப்பது வருஷம் ஆனவர் பெயரிலேயே பட்டா ஓடுவதும் சாதாரணம். ஒருவர் 1940-இல் பட்டாதாரர் என்பதால் 1940-இல் உயிரோடு இருந்தார் என்று எழுதாதீர்கள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் கணினி வில்லங்கம் ஒரு குறிப்பிட்ட வருஷம் முதல்தான் கிடைக்கும், எந்த வருஷம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் கையால் தேடச் சொல்லித் தனி மனு, தேடும் வருஷங்களுக்கு ஏற்பக் கட்டணம். இரண்டு அட்டவணைகள் உண்டு: ஒன்று ஆள் பெயர்ப்படி, மற்றொன்று சொத்துப்படி. ஒரே பெயர் ஊர் முழுக்க இருக்கும் நம் நிலைமையில் சொத்துப்படி தேடுவதுதான் நல்லது. அசையாச் சொத்துப் பதிவான 1-ஆம் புத்தகத்தை யாரும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில்கள் உள்ள 3-ஆம் புத்தகத்தில், எழுதியவர் இறந்த பிறகு யாரும் நகல் கேட்கலாம். போகும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் கிராமம் அன்று எந்தச் சார்பதிவகத்தின் கீழ் இருந்தது? இன்றைய அலுவலகம் பிற்பாடு பிரித்தது என்றால் பழைய தொகுதிகள் தாய் அலுவலகத்தில் இருக்கும். அங்கே இல்லை என்று சொன்னதை உலகத்திலேயே இல்லை என்று எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்கள் நிறைய. நூறு ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்குப் பதிவு கட்டாயம் இல்லாததால், அந்தக் காலத்துச் சின்னக் கைமாற்றங்கள் பெட்டியில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

சேலம் மாவட்டத்தில் மிட்டா (சிறிய ஜமீன்) கிராமங்கள் அதிகம். உங்களுடையது அப்படி ஒன்றா என்று முதலில் கேளுங்கள். மிட்டா, ஜமீன் கிராமங்களில் 1948 சட்டத்தின்படி அரசு எடுத்துக்கொள்ளும்வரை குடியானவர் கணக்கு மிட்டாதார் வீட்டில். அரசுப் பதிவேட்டில் குடிகள் பெயர் 1950-களில்தான் முறையாக ஏறும். அந்த ஊர்களுக்குப் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டைத் தேடி அலைவது வீண். மிட்டாதார் கொடுத்த பட்டா, அதற்குக் குடியானவர் எழுதிக் கொடுத்த முச்சலிக்கா, குத்தகை ரசீது, வரிபாக்கி வழக்குத் தீர்ப்பு இவற்றைத் தேடுங்கள். மாறாக முன்னோர் யாராவது இனாம் (மானிய) நிலம் வைத்திருந்தால் அது யோகம். 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேட்டில் முதலில் மானியம் பெற்றவர் பெயர், கொடுத்தவர், அப்போது அனுபவிப்பவர், அவருக்கும் முதல் ஆளுக்கும் என்ன உறவு என்பதெல்லாம் பத்தி பத்தியாக இருக்கும். இனாம் என்றதும் கோயிலும் அக்கிரகாரமும் மட்டும் நினைவுக்கு வரக்கூடாது. தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், வெட்டியான், தலையாரி என்று ஊழிய மானியம் பெற்ற எல்லோரும் அதில் இருக்கிறார்கள். நிலமே இல்லாத குடும்பங்களுக்கு 1860-களில் கிடைக்கும் எழுத்துத் தடயம் பல ஊர்களில் இது ஒன்றுதான்.

பிறப்பு இறப்புப் பதிவு 1970-க்கு முன் ஓட்டை உடைசல். கிராமக் கணக்கு எழுதிய குறிப்பில் குழந்தையின் பெயர் இருக்காது. 'ஆண்' என்றும் அப்பா பெயரும் மட்டும் இருக்கும். அப்பா பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் பிறந்த தேதியை நம்பாதீர்கள்: தலைக்கு மேலே கையைச் சுற்றி எதிர்க் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்ட காலம், ஊரில் பாதிப்பேருக்கு மே, ஜூனில் பிறந்தநாள். அந்தப் பதிவேட்டில் உபயோகமானது பாதுகாவலர் பெயரும் முகவரியும். 2002, 2005 வாக்காளர் பட்டியல்கள் தேர்தல் அதிகாரியின் தளத்தில் உள்ளன. வீட்டு எண் வரிசையில் ஒரு தெருவை முழுக்கப் படித்தால் பங்காளி வீடுகள் அடுத்தடுத்து வரும்.

நெட்டால் போனவர் விஷயத்தில் உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. மலேயாவுக்கும் இலங்கைக்கும் கங்காணி வழி போனவர்களுக்கு ஆள்வாரிக் கணக்கு கிடைப்பது கடினம்; ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்குப் போனவர்களை அரசாங்கம் ஒருவர் விடாமல் எழுதியது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர். இடையில் 1866-க்கும் 1874-க்கும் நடுவே கப்பல் இல்லை, 'போனது 1870' என்று குடும்பக் கதை சொன்னால் அந்த வருஷத்தைத் திருத்த வேண்டும். பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், அப்பா பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அங்க அடையாளம். டர்பனில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றியது. குடியேற்றக் காப்பாளர் அலுவலகக் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

தேடும் முறைதான் முக்கியம். பெயரை ஆங்கிலத்தில் ஒரே விதமாக அடித்துப் பார்த்து 'இல்லை' என்று விடாதீர்கள். தமிழ் காதில் விழுந்ததை வெள்ளைக்கார எழுத்து ஆக்கியிருக்கிறார்கள். அங்கே முனுசாமி மூன்சாமி ஆனார், கவுண்டர் கவெண்டர் ஆனார், நாயுடு நைடூ ஆனார். முதலில் ஜில்லா சேலம், தாலுகா ஆத்தூர் என்று வடிகட்டி, வந்த பெயர்களைச் சத்தமாக வாசியுங்கள். கண்ணுக்குத் தெரியாதது காதுக்குப் பிடிபடும். பிறகு அப்பா பெயர். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் முத்துசாமி என்று ஊகம் இருந்தால், முத்துசாமி மகனாக, உங்கள் கிராமத்தின் சாயலில் ஓர் ஊர்ப்பெயரோடு ஒருவர் கிடைப்பது கொள்ளுத்தாத்தாவின் அப்பாவுக்கும் சான்று ஆகிறது. உள்ளூரில் எங்கும் கிடைக்காத பெயர் கடல் தாண்டிய பதிவேட்டில் கிடைப்பது இப்படித்தான். ஒரு எச்சரிக்கை: கடனுக்கோ வழக்குக்கோ பயந்து ஓடியவர்கள் பெயர், ஜாதி, ஊர் மூன்றையும் மாற்றிச் சொன்னதுண்டு. ஒப்பந்தம் ஐந்து வருஷம், பத்து வருஷம் அங்கே இருந்தவர்களுக்குத் திரும்பும் கப்பல் இலவசம். 'திரும்பவில்லை' என்பது ஊருக்குத் திரும்பவில்லை என்று மட்டுமே பொருள்படலாம். எண் கிடைத்தால் பத்திரமாக வையுங்கள். கல்யாணப் பதிவு, முதலாளி மாற்றம், இறப்பு எல்லாக் கோப்பிலும் அந்த எண்தான் ஆள். மொரிஷியஸ் போயிருந்தால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம். அங்கே 1860-களிலிருந்து பலருக்குப் புகைப்படமும் உண்டு.

ஆற்றைத் தாண்டி வந்த கதைக்கு வருவோம். ராஜா பெண் கேட்டான், கொடுக்க மனமில்லாமல் இரவோடு இரவாகக் கிளம்பினார்கள், ஆறு குறுக்கே நின்றது, ஒரு மரம் வளைந்து பாலமானது. இந்தக் கதை ஒரு குடும்பத்துக்குச் சொந்தமானது இல்லை. வடக்கிலிருந்து வந்த பல சமூகங்கள் இதைச் சின்ன மாற்றங்களோடு சொல்கின்றன. பொய் என்று தள்ள வேண்டாம், சாட்சியம் என்று கொடிவழியில் ஏற்றவும் வேண்டாம். பொதுக்கதையை உரித்துவிட்டு, உங்கள் வீட்டில் மட்டும் சொல்லும் விவரம் எது என்று பாருங்கள்: ஒரு ஊர்ப்பெயர், கும்பிடக்கூடாத ஒரு கோயில், சாப்பிடக்கூடாத ஒரு காய், பெண் எடுக்காத ஒரு ஊர். தேட வேண்டியது அதைத்தான். 'ஏழு தலைமுறை' என்பதும் கணக்கு இல்லை, 'ரொம்ப காலம்' என்பதற்கான சொல். தலைமுறைக்கு 25 முதல் 30 வருஷம் வைத்தால் ஏழு தலைமுறை 1800-ஐ ஒட்டி நிற்கும். நாயக்கர் காலத்துக் குடியேற்றம் என்று கதை சொன்னால் பதினைந்து தலைமுறைக்கு மேல் வேண்டும். இரண்டும் ஒரே கதையில் இருந்தால் இடையில் எட்டுப் பேர் காணாமல் போயிருக்கிறார்கள்.

எழுதி வைக்கும்போது ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண் கொடுங்கள், பெயர் எண்ணுக்குப் பின்னால் வரட்டும். ஒவ்வொரு சேதிக்கும் பக்கத்தில், பார்த்தது, கேட்டது, ஊகம் என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கத்தால் நம் கொடிவழி மரம் மாதிரி விரியாது, வலை மாதிரி திரும்பி வந்து முடிச்சுப் போடும். ஒரே ஆள் இரண்டு இடத்தில் வருவார். அவரை இரண்டு ஆளாக எழுதிவிடாதீர்கள். கிராம்ப்ஸ் போன்ற இலவச மென்பொருள் இந்த முடிச்சைத் தாங்கும். மரபணுச் சோதனைக்குப் பணம் செலவழிக்கும் முன்பும் இதை நினைவில் வையுங்கள்: தலைமுறை தலைமுறையாக உறவுக்குள் கட்டியவர்களிடம் பொது மரபணு அதிகம் என்பதால், சோதனை 'செகண்ட் கசின்' (கொள்ளுத்தாத்தா வழி உறவு) என்று காட்டுபவர் உண்மையில் இன்னும் எட்டத்தில் இருக்கலாம்.

கிடைத்தவரை ஒரு பெரிய தாளில் வரைந்து, தெரியாத இடத்தைக் கட்டம் போட்டுக் காலியாகவே விட்டு, குலதெய்வக் கோயில் திருவிழாவுக்குப் பென்சிலோடு எடுத்துப் போங்கள். கேள்வி கேட்டால் 'எனக்கென்ன தெரியும்' என்று ஒதுங்குகிற பெரியவர், தப்பாக எழுதிய பெயரைப் பார்த்தால் சும்மா இருக்கமாட்டார்: 'யாருப்பா எழுதினது, அவன் மூத்தவளுக்குப் பிறந்தவன்ல, இளையவளுக்குப் பிறந்தவன்.' கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு மனைவிகள் என்பது அப்போதுதான் உங்களுக்குத் தெரியவரும்.